பாக்கி

முப்பதாம் தேதிக்கு மேல் ஒரு நாளும் முடியாது
என்றுவிட்டார் வாடகை வீட்டுக்காரர்.
அடுத்து வருகிறவர்கள்
பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்றாம்.
மடிப்பாக்கத்துக்கும் ஆதம்பாக்கத்துக்கும் நடுவே
ஸ்கூட்டரில் ஓடின என் நாற்பத்திரண்டு நாள்.
காலடியில் ஒரு நாள் புட்டி மூட்டை,
ஒரு நாள் கம்மோடு மூடி,
தாம்பரத்துக் கடையில் மாற்றித் தரமாட்டேன் என்ற
தப்பான அளவுக் குழாய்கள் பல நாள்.

காலம் மூன்று என்று பள்ளியில் படித்தேன்.
அப்பா கட்டிய வீட்டை இடிக்க ஆரம்பித்தபின்தான்
மற்றவை தெரிந்தன.
‘வந்துட்டே இருக்கேன்’ என்றால்
பிளம்பர் சவரிராஜ் இன்னும் எழுந்திருக்கவில்லை.
‘கிண்டி தாண்டிட்டேன்’ என்றால்
பல் விளக்குகிறார்.
‘முடிஞ்ச மாதிரிதான்’
என்கிறார் எலக்ட்ரீஷியன்,
சுவரெல்லாம் கிழித்து
ஒயர்கள் குடலாய்த் தொங்குகையில்.

பதினெட்டாம் நாள் மழை.
தட்டோடு பெயர்த்த மொட்டைமாடி
தாம்பாளமாய் ஏந்திக்கொண்டது.
தெருவில் கொட்டிய எம்-சாண்ட்
எதிர்வீட்டுக் கோலத்தின் மேல் போய்ப் படுத்தது.
எதிர்வீட்டு மாமி
என்னிடம் எதுவும் சொல்லவில்லை;
மாநகராட்சியிடம் சொன்னார்.

முழுசாகக் கொடுத்தால் மறுநாள் வரமாட்டார்கள்
என்று அலுவலகத்தில் யாரோ சொன்ன ஞானம்.
ஆளுக்கு மூன்று நாள் கூலி
பிடித்து வைத்திருந்தேன்.
டைல்ஸ் போடும் ராம்பிரவேஷ்
தினமும் சாயங்காலம்
மட்டப்பலகையைத் துடைத்துக்கொண்டே
ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்பான்.
நான் போனைப் பார்ப்பேன்.

இருபத்தாறாம் நாள்
சமையலறைப் பரணின் கதவைக் கழற்றியபோது
உள்ளே பூசாமல் விட்ட செங்கல் சுவர்.
அதில் தச்சுப் பென்சிலால்:

கொத்தனார் 4
சித்தாள் 6
கன்னியப்பன் மேஸ்திரி
பாக்கி 340

பாக்கிக்குக் கீழே இரண்டு கோடு.

ஏணியில் நின்றபடி ஏகாம்பரம் மேஸ்திரி
வாய்விட்டுப் படித்தார்.
எந்த வருஷம் என்று கேட்டார்.
எண்பத்தேழு என்றேன்.
விரல்விட்டு எண்ணி,
‘எட்டு நாள், எட்டரை நாள் கூலி’ என்றார்.
இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு,
‘குடுத்துட்டாங்களா மேடம்?’
ஏதோ போன சனிக்கிழமைக் கணக்குபோல.

அப்பா கோவையில், தம்பி வீட்டில்.
போனில் டிவிச் செய்தி இரைந்தது.
‘எந்தக் கன்னியப்பன்?’
சொன்னேன்.
டிவியின் சத்தம் குறைந்தது.
‘கொடுத்திருப்பேன்’ என்றார்.

கொடுத்தேன் இல்லை.
கொடுத்திருப்பேன்.
‘கொடுத்து’க்கும் ‘இருப்பேனு’க்கும் நடுவில்
ஒரு ஆள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு
நின்று காத்திருக்க
இடம் இருக்கிறது.

அன்று சாயங்காலம்
எல்லோருடைய பாக்கியையும் தீர்த்தேன்.
மறுநாள்
இரண்டு பேர் வரவில்லை.
ஞானம் பொய்யில்லை.
ராம்பிரவேஷ் வந்தான்,
பத்தரை மணிக்கு, புதுச் செருப்போடு.

பிறகு எல்லாம்
ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி ஓடியது.
பெயிண்ட் காயாத அறைக்குள் கட்டில்,
கட்டில் மேல் ஃபேன் கழற்றியவரின் கால்தடம்.
பரணுக்கு உள்ளே ப்ரைமர் அடிக்கவா என்று
பெயிண்டர் கேட்டார்.
நேரமில்லை என்றேன்.
ஒரு அரைமணி நேரம் இருந்தது.

முப்பதாம் தேதி இரவு
லாரி வந்து, சாமான் இறங்கி,
குளியலறைக்குக் கதவுக்குப் பதில்
என் பழைய நைலக்ஸ் புடவை தொங்க,
தரையில் உட்கார்ந்து கணக்குத் தாளைத் திறந்தேன்.
நூற்றுப் பதினேழு வரி.
கடைசியில் ஒன்று சேர்த்தேன்:
கன்னியப்பன், 340.
எதிர்க் கட்டத்தில் தேர்ந்தெடுக்க
இரண்டே சொல்தான் வைத்திருந்தேன்,
முடிந்தது, முடியவில்லை.
விரல் அங்கேயே நின்றது.

போன் அடித்தது. தச்சர்.
கதவோடு கிளம்பிவிட்டாராம்.
கிண்டி தாண்டிவிட்டாராம்.